அமெரிக்காவில் பழைய வீடு வாங்கும் முன்: ஆவி, அகால மரணம் பற்றி விசாரிக்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் முதன்முறையாக வீடு வாங்கப்போகிறவருக்குக் கூரையின் வயது, கரையான், வெள்ள அபாயம், பள்ளிக்கூடத் தரவரிசை என்று ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இருக்காது: "அங்கே இதற்கு முன் யார் குடியிருந்தார்கள்? ஏதாவது நடந்த வீடா?"

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டை வாங்கியபோது, வங்கியில் கடன் வாங்குவதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. எங்கள் ஏஜெண்ட் சிரித்து மழுப்பினார். விற்பவர் தரப்பு ஏஜெண்ட் சமையலறையின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். யாரிடம், எப்போது, எந்த வடிவில் கேட்டால் மழுப்ப முடியாது என்பது மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது.

நீங்கள் பேயை நம்புகிறீர்களா என்பது இங்கே பொருட்டல்ல. நாளைக்கு உங்களிடமிருந்து வாங்க வருபவர் நம்புகிறவராக இருக்கலாம். அப்போது விலை பேசுபவர் அவர்தான். இனி வருவது சட்ட ஆலோசனை அல்ல. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்காக எழுதியது.

1. எது தெரிய வேண்டும் என்று வீட்டில் முதலில் பேசி முடிவெடுங்கள்

"ஏதாவது நடந்ததா?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதில்தான் வரும். கேள்வியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வயதானவர் இயல்பாக இறந்தது ஒன்று. கொலை, தற்கொலை, விபத்து என்று அகால மரணம் இரண்டாவது. யாரும் சாகாவிட்டாலும் "அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது" என்று ஊரில் உலவும் பேச்சு மூன்றாவது. சட்டம் இம்மூன்றையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

இயல்பான மரணத்தைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்பது என் கருத்து. 1920களில் கட்டிய வீட்டில் இதுவரை ஒருவரும் இறக்கவில்லை என்றால்தான் ஆச்சரியம். நம் பாட்டன் வீட்டிலும் கூடத்தில்தானே உயிர் போனது? தனிஷ்டா பஞ்சமியில் இறந்தால் அறையை அடைத்து வைப்பார்கள், மாதங்கள் கழித்துத் திறந்து அதே அறையில் பேரப்பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள். ஆனாலும் வீட்டில் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், விலை பேசும் முன்பே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பணம் கட்டிய பிறகு வெடிக்கும் சண்டைக்குச் செலவு அதிகம்.

2. உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்

கொலை, தற்கொலை, ஆவிப் பேச்சு ஆகியவற்றால் பெயர் கெட்ட வீட்டை இங்கே 'ஸ்டிக்மடைஸ்டு ப்ராபர்ட்டி' என்கிறார்கள். இந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள்; நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று ஏஜெண்ட் புரிந்துகொள்வார். நாடு முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. நம்மவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களின் நிலை இது:

நியூ ஜெர்சியில் ரியல் எஸ்டேட் ஏஜெண்டுகளுக்கான விதிகளிலேயே கொலை, தற்கொலையோடு 'ஆவி நடமாட்டம் இருப்பதாகச் சொல்லப்படும் வீடு' என்பதும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஏஜெண்ட் தானாக முன்வந்து சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவர் கேட்டுவிட்டால், தனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். கேட்பது முழுக்க உங்கள் பொறுப்பு.

ஜார்ஜியாவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: சொல்ல வேண்டிய கடமை இல்லை, கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டு என்ற கணக்கு உண்டு. நீங்கள் விலை கேட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட மரணத்தைச் சொல்லாமல் விட்டதற்காக வழக்குப் போட முடியாது. ஆனால் நேரடியாகக் கேட்டபோது வேண்டுமென்றே பொய் சொன்னால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். டெக்சாஸில் இயல்பான மரணம், தற்கொலை, வீட்டின் நிலையோடு தொடர்பில்லாத விபத்து ஆகியவற்றைச் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் விலக்களிக்கிறது. அந்த விலக்குப் பட்டியலில் கொலை இல்லை.

மாசசூசெட்ஸ் சட்டம் 'அமானுஷ்ய நிகழ்வு' நடந்ததாகச் சொல்லப்படுவதற்கும் பெயர் சொல்லியே விலக்கு தருகிறது. மினசோட்டாவிலும் அப்படியே. பென்சில்வேனியாவில் 2007இல் ஒரு பெண் 6,10,000 டாலருக்கு வாங்கிய வீட்டில், அதற்கு முந்தைய ஆண்டுதான் கொலையும் தற்கொலையும் நடந்திருந்தன. குடிபுகுந்த பிறகுதான் அவருக்குத் தெரிய வந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அது வீட்டின் குறைபாடு ஆகாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது.

நியூயார்க்கைப் பற்றிப் பேசினாலே எல்லோரும் ஸ்டாம்போவ்ஸ்கி எதிர் ஆக்லி வழக்கைச் சொல்வார்கள். நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் இது பாதி உண்மையாகச் சுற்றுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஹட்சன் நதிக்கரையில் உள்ள நயாக் என்ற ஊரில், தன் வீட்டில் ஆவிகள் உலவுகின்றன என்று வீட்டுக்கார அம்மாள் ஆக்லி 1977இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழிலேயே எழுதியிருந்தார். ஊர் முழுக்கத் தெரிந்த கதை. நியூயார்க் நகரத்திலிருந்து வாங்க வந்த ஸ்டாம்போவ்ஸ்கிக்கு மட்டும் தெரியாது. 6,50,000 டாலருக்கு விலை பேசி 32,500 டாலர் முன்பணமும் கட்டிய பிறகு விஷயம் காதுக்கு எட்டியது. 'சட்டத்தின் பார்வையில் இந்த வீடு ஆவி உள்ள வீடே' என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எழுதி, ஒப்பந்தத்திலிருந்து விலக அவருக்கு வழிவிட்டது.

இதை வைத்துக்கொண்டு "பேய் வீடு என்றால் பணம் திரும்பி வந்துவிடும்" என்று நம்பாதீர்கள். பேய் உண்டு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தானே ஊரறியப் பரப்பிய கதையை விற்கும்போது மட்டும் மறைக்க முடியாது, வாங்குகிறவர் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதுதான் அங்கே அடிப்படை. இப்போது நியூயார்க் சட்டப்படி வீட்டில் நடந்த மரணம், கொலை, தற்கொலை எதுவும் கட்டாயம் சொல்ல வேண்டியவை அல்ல. நீங்கள் எழுத்தில் கேட்கலாம்; பதில் தருவதா வேண்டாமா என்பது விற்பவர் விருப்பம். பதில் வராவிட்டால், அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

3. எழுத்தில் கேளுங்கள், காலத்தோடு கேளுங்கள்

வாய்வழிக் கேள்விக்கு வாய்வழிப் பதில் வரும். பிறகு அதற்குச் சாட்சி இருக்காது. மின்னஞ்சலில் கேளுங்கள். உங்கள் ஏஜெண்ட் வழியாக விற்பவரின் ஏஜெண்டுக்கு அனுப்பச் சொல்லி, ஒரு நகல் உங்களுக்கும் வர வேண்டும் என்று சொல்லுங்கள். நாங்கள் அனுப்பியதன் சாரம் இது:

"மேற்கண்ட முகவரியிலுள்ள வீட்டிலோ வளாகத்திலோ கொலை, தற்கொலை, விபத்து மரணம் ஏதேனும் நடந்ததாக விற்பவருக்கோ ஏஜெண்டுக்கோ தெரியுமா? இந்த வீட்டில் ஆவி நடமாட்டம் இருப்பதாக அக்கம்பக்கத்திலோ பத்திரிகையிலோ பேச்சு உண்டா? தெரிந்தவரை எழுத்தில் பதில் தரவும்."

இரண்டே கேள்விகள். வெட்கப்பட எதுவும் இல்லை. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால், உங்களுக்கு முன்பே பலர் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

அனுப்ப நல்ல நேரம், விலை சொல்வதற்கு முன். போட்டி அதிகமான சந்தையில் அது நடக்காது என்பது தெரியும். சனிக்கிழமை வீட்டைப் பார்த்து ஞாயிறு இரவுக்குள் விலை சொல்லச் சொல்வார்கள். நியூ ஜெர்சியில் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஏஜெண்ட் தயாரித்த ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு வக்கீல் பரிசீலனைக்கு மூன்று வேலை நாட்கள் உண்டு. அதற்குள் உங்கள் வக்கீல் ஒப்பந்தத்தை நிராகரிக்கலாம், மாற்றம் கேட்கலாம். இந்தக் கேள்விகளை அவருடைய கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீலின் தாளில் வரும் கேள்வியை யாரும் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். முன்பு குடியிருந்தவர்களின் மதம், இனம், எந்த நாட்டவர் என்றெல்லாம் கேட்காதீர்கள். வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பயந்து ஏஜெண்ட் வாயையே மூடிக்கொள்வார், கேட்க வேண்டிய கேள்வியும் அதோடு சேர்ந்து போய்விடும். ஒருவருக்கு எச்ஐவி இருந்ததா என்பது போன்ற கேள்விகளும் அப்படியே. அடுத்து, இரு தரப்புக்கும் ஒரே ஏஜெண்ட் என்றால் அவரை நம்பி மட்டும் இருக்காதீர்கள். கடைசியாக, 'இருக்கும் நிலையிலேயே விற்பனை' என்ற வரியைக் காட்டி "இந்தக் கேள்விக்கெல்லாம் இடமில்லை" என்று சொன்னால் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். அந்த வரி விற்பவருக்குப் பொய் சொல்லும் உரிமையைத் தந்துவிடாது.

4. பத்திரத்தைப் படியுங்கள்

நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பது போல இங்கே டைட்டில் நிறுவனம் பார்த்துக் கொடுக்கும். கடன், வரி பாக்கி, வழக்கு எல்லாம் அதில் வரும். மரணம் எப்படி நடந்தது என்பது வராது. ஆனால் மூலப்பத்திரங்களை நீங்களே படித்தால் நிறையத் தெரியும். பெரும்பாலான கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கிளார்க் அலுவலகங்களின் இணையதளத்தில் பத்திரங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

விற்பவர் பெயர் இருக்கும் முதல் பத்தியைக் கவனியுங்கள். 'இன்னாரின் எஸ்டேட்டின் எக்ஸிக்யூட்டர்' என்று இருந்தால் உரிமையாளர் இறந்து, உயிலின்படி விற்கிறார்கள். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் பெரும்பாலும் உயில் எழுதாமலே இறந்திருக்கிறார். இளம் தம்பதி வாங்கிய வீடு, இரண்டே ஆண்டில் அட்மினிஸ்ட்ரேட்டர் கையெழுத்தில் விற்பனைக்கு வந்திருந்தால் மேற்கொண்டு தேடுங்கள். இறந்தது அந்த வீட்டில்தான் என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. பெயரும் ஆண்டும் கிடைத்துவிடும், அது போதும்.

அந்தப் பெயரோடு இரங்கல் செய்தியைத் தேடுங்கள். 'வீட்டில், குடும்பத்தார் சூழ, அமைதியாக' என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. 'எதிர்பாராத விதமாக' என்று மட்டும் இருந்தால் அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையையும் பாருங்கள். பழைய பத்திரிகைத் தொகுப்புகளுக்கு இணையத்தில் சந்தா கேட்பார்கள். பணம் கட்டும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், நூலக அட்டைக்கே பல இடங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

கதவு எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். 1974இல் ஆறு பேர் கொல்லப்பட்ட லாங் ஐலண்ட் அமிட்டிவில் வீட்டுக்கு, வேடிக்கை பார்க்க வருபவர்களின் தொல்லை தாங்காமல் எண்ணையே மாற்றிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் மனையைக் குறிக்கும் பிளாக், லாட் எண்களை வைத்துத் தேடுவது பாதுகாப்பு. வரி ரசீதில் இரண்டும் இருக்கும்.

முகவரியைக் கொடுத்தால் மரணப் பதிவுகளைத் தேடித் தரும் 'டைடு இன் ஹவுஸ்' என்ற கட்டண இணையதளம் 2013 முதல் இருக்கிறது. பழைய மரணங்களுக்கு அதை நம்பாதீர்கள். அதில் ஒன்றும் வரவில்லை என்பதால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நகராட்சியிடம் பொதுப் பதிவுச் சட்டப்படி மனு போட்டு, அந்த முகவரிக்குப் போலீஸ் வந்த விவரம் கேட்கலாம். நியூ ஜெர்சியில் பொதுவாக ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குற்ற விசாரணை ஆவணங்களைத் தரமாட்டார்கள். வக்கீல் பரிசீலனையின் மூன்று நாளுக்குள் இது வந்து சேராது என்பதால், வீடு பிடித்த அன்றே மனுவை அனுப்பிவிடுங்கள்.

5. தெருவில் நடங்கள்

அத்தனை ஆவணமும் சொல்லாததை எதிர்வீட்டுத் தாத்தா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நாய் நடத்திக்கொண்டு போகிறவர்கள், தபால்காரர், முப்பது ஆண்டாக அதே தெருவில் இருப்பவர் ஆகியோரைப் பாருங்கள். "இந்த வீட்டை வாங்கலாம் என்று பார்க்கிறோம், தெரு எப்படி?" என்று ஆரம்பியுங்கள். பேயைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டாம். இருந்தால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் வீடு தேடுகிறவர்களுக்கு அக்டோபர் 31 மாலை கிடைத்தற்கரிய வாய்ப்பு. பிள்ளைகள் பேய் வேடமும் பிற வேடமும் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் அன்று மட்டும்தான் மொத்தத் தெருவும் வாசலில் நிற்கும், முன்பின் தெரியாதவரிடமும் சிரித்துப் பேசும். பிள்ளைகளுக்கு வேடம் போட்டு அழைத்துப் போங்கள். வாசல் விளக்கு எரியும் வீட்டுக்கு மட்டும் போக வேண்டும், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்பது வழக்கம். எந்த வீட்டைப் பற்றிப் பெரிய பையன்கள் சின்னவர்களிடம் கதை விடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். புல்தரையில் பிளாஸ்டிக் கல்லறையும் எலும்புக்கூடும் கிடப்பதைப் பார்த்துப் பெற்றோருக்குப் புகைப்படம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள், விளக்கிச் சொல்லி மாளாது.

6. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பேய் வீடு என்று பேர் வாங்கிய பல வீடுகளில் உண்மையான குற்றவாளி நிலவறையில் இருக்கிறது. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வெளியானது. பழைய பெரிய வீட்டுக்குக் குடிபோன பிறகு இரவில் காலடிச் சத்தம், யாரோ பார்ப்பது போன்ற உணர்வு, தலைவலி. பிள்ளைகள் வெளுத்துப்போனார்கள், செடிகள் வாடின. கடைசியில் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் கணப்பு உலை பழுது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் கசிந்திருந்தது.

ஆகவே வீட்டைச் சோதித்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கூடவே போங்கள். கணப்பு உலையையும் புகைபோக்கியையும் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீராவிக் கணப்பு உள்ள வீடு என்றால் குளிர்கால இரவில் குழாய்கள் சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும், அது சரிசெய்யக்கூடியது. பரணில் எலி, அணில் எச்சம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மர வீடு இரவில் குளிர்ந்து சுருங்கும்போது படிகள் ஒவ்வொன்றாக முனகும். நம் செங்கல் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முதல் குளிர்காலம் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கும்.

நியூ ஜெர்சியில் வீடு கைமாறும் முன் புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் மூன்றும் இருப்பதற்கான சான்றிதழை நகராட்சியிடம் பெற வேண்டும். வழக்கமாக விற்பவர்தான் எடுப்பார். க்ளோஸிங் அன்று, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாளில், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஸ்பெக்டரின் ஆய்வின்போதே, வீட்டைச் சூடாக்கும் எண்ணெயைச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆவியைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். கசிந்த பழைய தொட்டியைத் தோண்டி மண்ணை மாற்றப் பல்லாயிரம் டாலர் ஆகிவிடும், எந்தப் பூசாரியாலும் அதை ஓட்ட முடியாது.

7. செலவும் காலமும்

மின்னஞ்சல், பத்திரத் தேடல், நூலகம், தெரு விசாரணை ஆகியவற்றுக்குச் செலவு இல்லை. இன்ஸ்பெக்ஷனுக்குச் சுமார் 500 முதல் 800 டாலர், தொட்டி தேடலுக்குச் சில நூறு. வக்கீலுக்கு 1,500 டாலரும் அதற்கு மேலும் ஆகும். எப்படியும் கொடுக்கப்போகும் பணம்தான், இந்தக் கேள்விகளுக்காகத் தனிக் கட்டணம் கேட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள். ஒப்பந்தம் உறுதியான பிறகு இன்ஸ்பெக்ஷனுக்குப் பத்து முதல் பதினான்கு நாள் தருவார்கள், க்ளோஸிங்குக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். சொல்ல வேண்டிய மறுப்பை வக்கீல் பரிசீலனை முடியும் முன் சொன்னால் முன்பணம் முழுதாகத் திரும்பும். அதற்குப் பிறகு "ஆவி இருக்கிறதாம்" என்று விலகினால் முன்பணம் சிக்கலாகும்.

வாங்கிய பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நியூ ஜெர்சியின் வெஸ்ட்ஃபீல்டில், 'உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்' என்ற மொட்டைக் கடிதங்களால் பின்னாளில் பெயர்போன வீட்டை 2014இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய குடும்பம், முன்பு வந்த கடிதத்தை மறைத்துவிட்டார்கள் என்று விற்றவர்கள்மேல் வழக்குத் தொடுத்துத் தோற்றது. 2019இல் வீட்டை 9,59,000 டாலருக்கு விற்றார்கள்.

8. பதில் 'ஆம்' என்று வந்தால்

உடனே ஓட வேண்டியதில்லை. வேறு எவரும் வாங்கத் தயங்கும் வீடு என்றால் விலை குறைத்துக் கேட்க உங்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. எவ்வளவு குறைக்கலாம் என்று உங்கள் ஏஜெண்டிடம் அருகிலுள்ள விற்பனை விலைகளைக் காட்டச் சொல்லுங்கள். கணபதி ஹோமமும் புண்ணியாகவாசனமும் செய்து நிம்மதியாகக் குடியிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஹோமத்துக்கு முன் புகை அலாரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்.

விற்பவர் தரப்பின் எழுத்துப் பதிலை, அது 'இல்லை' என்றாலும், பத்திரத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். பிறகு பொய் என்று தெரிந்தால் வக்கீல் முதலில் கேட்பது அந்த மின்னஞ்சலைத்தான். 'ஆம்' என்று வந்திருந்தால் இன்னொன்றும் உண்டு: நீங்கள் விற்கும் நாளில் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. நியூ ஜெர்சியில் வாங்க வருபவர் கேட்டால் உங்கள் ஏஜெண்ட் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாளில் விலை எவ்வளவு இறங்கும் என்பதையும் இன்றைய பேரத்தில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.